எல்ஜின் தோட்டத்தின் மருத்துவர்: டேவிட் ஹோசக்கின் ஊர்களில் ஒரு வாரம்

திங்கள் – ராக்ஃபெல்லர் சென்டர்

1801ஆம் ஆண்டில் டேவிட் ஹோசக் என்னும் மருத்துவர், நியூயார்க் நகராட்சியிடமிருந்து இருபது ஏக்கர் நிலத்தை ஏறத்தாழ 4,800 டாலருக்கு வாங்கினார். நகரம் அப்போது மன்ஹாட்டன் தீவின் தென்முனையோடு நின்றிருந்தது. அங்கிருந்து மூன்றரை மைல் வடக்கே, மேடும் பாறையுமாகக் கிடந்த இந்த நிலத்தில் அவர் ஒரு தாவரவியல் பூங்கா அமைக்கத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதைச் சற்றே கடந்திருந்தது. அந்த இடம் இன்றைய ஐந்தாம், ஆறாம் அவென்யூக்களுக்கு இடையே, 47ஆம் தெருவிலிருந்து 51ஆம் தெரு வரை பரவியுள்ளது. ராக்ஃபெல்லர் சென்டரின் உயரமான கட்டடங்கள் அதன் மீதுதான் எழுந்து நிற்கின்றன.

ஐந்தாம் அவென்யூவிலிருந்து பனிச்சறுக்குத் தளத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் நடைபாதைக்குச் சானல் கார்டன்ஸ் என்று பெயர். நடுவே சிறு நீர்த்தொட்டிகளும், அவற்றை ஒட்டிப் பருவத்துக்கு ஏற்ப மாற்றப்படும் பூஞ்செடிகளும் உள்ளன. அங்கே ஹோசக்கை நினைவுகூரும் உலோகப் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. தாவரவியலாளர், மருத்துவர், அறிவியலாளர், உலகக் குடிமகன் என்று அவரைக் குறிப்பிட்டு, இந்த இடத்தில் அவர் எல்ஜின் தாவரவியல் பூங்காவை வளர்த்தார் என்று அது சொல்கிறது. நான் அங்கே நின்றிருந்த நேரம் முழுவதும் நூற்றுக்கணக்கானோர் படம் எடுத்தபடி கடந்து சென்றார்கள்; பலகையின் பக்கம் எவரும் திரும்பவில்லை. மருந்தியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது வருத்தமளித்தது. அமெரிக்காவில் மருந்துச் செடிகளை முறையாக வளர்த்து, வகைப்படுத்தி, மருத்துவ மாணவர்களுக்குக் கண்ணெதிரே காட்டிக் கற்பிக்க வேண்டும் என்று தன் சொத்தையே செலவழித்த ஒருவருக்கு, அவர் நிலத்தின் மேல் எஞ்சியிருப்பது இந்தச் சிறு பலகைதான்.

அவருடைய தந்தை அலெக்சாண்டர் ஹோசக் ஸ்காட்லாந்தின் எல்ஜின் ஊரிலிருந்து வந்த வணிகர்; அந்த ஊரின் பெயரையே மகன் தோட்டத்துக்கு வைத்தார். நிலத்தைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். மதிலை ஒட்டி உட்புறமாக நாட்டு மரங்களும் புதர்களும் வரிசையாக வளர்ந்தன. மேட்டின் மீது, நடுவில் குளிர்காலக் கண்ணாடி வீடும் இரு பக்கங்களிலும் வெப்ப அறைகளுமாக, ஏறத்தாழ 180 அடி நீள முகப்புடன் ஒரு கட்டடம் தெற்கு நோக்கி நின்றது. வெப்ப நாடுகளின் செடிகள் நியூயார்க்கின் பனிக்காலத்தைத் தாங்க வேண்டுமானால் அத்தகைய அறை இன்றியமையாதது. 1806இல் அவர் வெளியிட்ட செடிப் பட்டியலில் ஏறத்தாழ இரண்டாயிரம் வகைகள் இருந்தன; 1811இல் அதன் விரிவான பதிப்பு வந்தது. இத்தனையும் ஒரு மருத்துவரின் நோயாளிக் கட்டணத்திலிருந்து நடந்தவை.

இந்தச் சுமையை ஒருவர் நெடுங்காலம் தாங்க இயலாது என்று அவருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. நிலம் வாங்குவதற்கு முன்பே அவர் கொலம்பியா கல்லூரியிடமும் மாநிலச் சட்டமன்றத்திடமும் உதவி கேட்டிருந்தார். பேச்சளவில் ஆதரவு இருந்தது, பணம் வரவில்லை. தோட்டம் வளர்ந்து நின்ற பிறகு, 1810இல் சட்டமன்றம் அதை மாநிலத்துக்காக வாங்க ஒப்புக்கொண்டு, அதற்கான தொகையைப் பரிசுச்சீட்டு நடத்தித் திரட்டியது. ஹோசக்குக்குக் கிடைத்தது 74,268 டாலர் 75 சென்ட். அவர் அதில் போட்ட பணத்தை அது ஈடுகட்டவில்லை.

நான் இந்தப் பயணத்தில் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கப்போவது இதற்கு அடுத்து நடந்ததைத்தான். மாநிலம் நிலத்தை வாங்கியதே தவிர, தோட்டக்காரர்களின் கூலிக்கும் கண்ணாடி அறைகளைச் சூடாக வைத்திருக்கும் விறகுக்கும் நிலையான ஏற்பாடு செய்யவில்லை. 1814இல் தோட்டம் கொலம்பியா கல்லூரிக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. கல்லூரி குறிப்பிட்ட காலத்துக்குள் அங்கே குடிபெயர வேண்டும் என்ற நிபந்தனையும் சில ஆண்டுகளில் விலக்கப்பட்டது. பராமரிப்பார் இல்லாத செடிகள் அழிந்தன, கண்ணாடி வீடுகள் சிதைந்தன. நிலம் மட்டும் கல்லூரியின் கையிலேயே தங்கியது. நகரம் வடக்கே நகர நகர அதன் மதிப்பு ஏறியது. 1920களின் இறுதியில் ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவர் அதைக் குத்தகைக்கு எடுத்தார். 1985இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அதை 40 கோடி டாலருக்கு விற்றது.

செவ்வாய் – ஃபிராங்க்ஃபோர்ட் தெருவிலிருந்து டிரினிட்டி தேவாலயம் வரை

புரூக்ளின் பாலத்தின் மன்ஹாட்டன் முனையில், பாலத்தின் கல் வளைவுகளை ஒட்டி ஓடும் குறுகிய தெரு ஃபிராங்க்ஃபோர்ட் தெரு. 1769 ஆகஸ்ட் 31 அன்று ஹோசக் இங்கே, தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் பிறந்தார். வீடும் இல்லை, அந்தக் காலத்துத் தெருவின் தோற்றமும் இல்லை. அங்கிருந்து சிட்டி ஹால் பூங்காவைக் கடந்து பிராட்வேக்கு வந்தால், அவருடைய இளமைக்காலம் முழுவதும் நடையில் எட்டிவிடும் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. பூங்காவுக்கு மேற்கே பழைய கொலம்பியா கல்லூரி இருந்தது. பிராட்வேயில் சற்று வடக்கே நியூயார்க் மருத்துவமனை இருந்தது.

1788 ஏப்ரலில் இந்த வீதிகளில் மருத்துவர்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. உடற்கூறு கற்பதற்காக மாணவர்கள் கல்லறைகளிலிருந்து சடலங்களைத் திருடுகிறார்கள் என்ற சினம் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது; அதில் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பின மக்களும் ஏழைகளும். கூட்டம் மருத்துவமனைக்குள் புகுந்து உடற்கூறு அறையைச் சூறையாடியது. அப்போது மாணவராக இருந்த ஹோசக் கல்லடிபட்டுத் தலையில் காயமடைந்தார். மக்கள் மருத்துவத்தை அஞ்சிய காலத்தில் அவர் அந்தத் தொழிலுக்குள் நுழைந்தார் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. அடுத்த ஆண்டில் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றுப் பின்னர் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்று, நாட்டின் புகழ்பெற்ற மருத்துவரான பெஞ்சமின் ரஷ்ஷிடம் பயின்று, 1791இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

அவரைத் தாவரவியலுக்குத் திருப்பியது எடின்பரோ. 1792இல் மேற்படிப்புக்காக அங்கே சென்றிருந்தபோது பேராசிரியர் ஒருவரின் தோட்டத்தில் விருந்தினர்களோடு உலாவும் வாய்ப்பு வந்தது. மற்றவர்கள் செடிகளைப் பற்றி இயல்பாக உரையாட, தன்னால் ஒரு சொல்லும் சேர்க்க முடியாமல் போனது குறித்து வெட்கப்பட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் சிறந்த மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றவருக்கு, தான் எழுதித் தரும் மருந்துகள் எந்தச் செடியிலிருந்து வருகின்றன என்று காட்டத் தெரியவில்லை. அக்காலத்து மருந்துகளில் பெரும்பங்கு வேரும் பட்டையும் இலையும் பிசினும்தான். அவை உலர்ந்து, பொடியாகி, கப்பலேறி வந்தன. கலப்படமா, தரமானதா, சரியான இனம்தானா என்று பிரித்தறிய, மூலச் செடியை அறிந்த கண் வேண்டும். அந்தக் கண் அமெரிக்க மருத்துவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை.

லண்டனில் அவர் இந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார். பிராம்ப்டனில் வில்லியம் கர்டிஸ் நடத்திய தாவரவியல் தோட்டத்தில் நாள்தோறும் பாடம் கேட்டார். செடிகளை வகைப்படுத்திப் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் தொகுப்புகளை விலைக்கு வாங்கி வைத்திருந்த ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித்தின் வீட்டில், அந்த உலர்தாவரத் தாள்களை மாதக்கணக்கில் ஆராய்ந்தார். 1794இல் நாடு திரும்பும்போது லின்னேயஸின் தொகுப்பிலிருந்தே இரட்டைப் படிகள் சிலவற்றை ஸ்மித் அவருக்குக் கொடுத்தனுப்பினார். திரும்பும் கப்பலில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. பயணிகளுக்கு அவரே மருத்துவம் பார்த்தார். மறு ஆண்டிலேயே கொலம்பியாவில் தாவரவியல் பேராசிரியரானார்.

பிற்பகலில் கடலோரமாக, பழைய துறைமுகப் பகுதியில் நடந்தேன். 1790களில் மஞ்சள் காய்ச்சல் பல கோடைகளில் இந்தத் துறைகளை அண்டித்தான் தலைகாட்டியது. 1798இல் மட்டும் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வசதி படைத்தவர்கள் ஊரைக் காலி செய்து வடக்கே சென்றபோது ஹோசக் நகரிலேயே தங்கி நோயாளிகளைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தார். நோயாளியின் இரத்தத்தைப் பெருமளவு வடித்தெடுப்பதும் கடும் பேதிமருந்து கொடுப்பதுமே தீர்வு என்று அவருடைய ஆசான் ரஷ் உறுதியாக நம்பி வந்தார். ஹோசக் அதிலிருந்து விலகி, மென்மையாக வியர்வை வருவிக்கும் மருந்துகளையும் உடலின் வலுவைக் காக்கும் பராமரிப்பையும் கைக்கொண்டார். மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பது நிறுவப்பட இன்னும் நூறாண்டு இருந்தது. எனவே இரு தரப்பினரும் காரணம் அறியாமலே போராடினார்கள். ஆனால் நோயால் நலிந்த உடலிலிருந்து இரத்தத்தை எடுக்காமல் விட்டதே பல உயிர்களுக்கு உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். தான் மதித்த ஆசானின் முறையைக் கொள்ளைநோயின் நடுவில் கைவிடுவதற்கு மிகுந்த மனத்துணிவு வேண்டும்.

டிரினிட்டி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வெண்ணிற நினைவுச் சின்னத்துக்கு முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கிறது. நாளை அவர் சுடப்பட்ட இடத்துக்குச் செல்கிறேன்.

புதன் – வீஹாக்கன், ஜேன் தெரு

ஹோசக்கின் பெயரை இன்று அறிந்தவர்களில் பெரும்பாலோர் அவரை ஒரே ஒரு காலைப்பொழுதை வைத்துத்தான் அறிந்திருக்கிறார்கள். 1804 ஜூலை 11 அன்று, ஹாமில்டனும், அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஆரன் பர்ரும் நியூஜெர்சிக் கரையில் கைத்துப்பாக்கிகளோடு எதிரெதிரே நின்றார்கள். இருவருமே ஹோசக்கின் நண்பர்கள். இருவருக்குமே அவர் மருத்துவம் பார்த்து வந்தார். ஹாமில்டனின் படகில் மருத்துவராக உடன் சென்றவரும் அவரே.

மன்ஹாட்டனின் 39ஆம் தெருப் படகுத்துறையிலிருந்து இன்றும் படகு போகிறது. சில நிமிடங்களில் மறுகரை வந்துவிடுகிறது. செங்குத்தான பாறைச் சுவரின் மேலே ஏறிச் சென்றால் ஹாமில்டனின் மார்பளவுச் சிலையும், அவர் காயமுற்றுத் தலைசாய்த்ததாகச் சொல்லப்படும் பாறையும் உள்ளன. துப்பாக்கிச் சண்டை நடந்த திட்டு இதற்குக் கீழே ஆற்றை ஒட்டி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை அமைத்தபோது அது வெட்டி அகற்றப்பட்டுவிட்டது.

துப்பாக்கிச் சண்டை சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், பின்னர் சாட்சி சொல்ல நேர்ந்தால் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லும்படி மருத்துவரை விலகி நிற்கச் செய்வது வழக்கம். வெடிச்சத்தம் கேட்டுத் தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் ஹோசக் ஓடிவந்தார். நண்பரின் கைகளில் சாய்ந்திருந்த ஹாமில்டன், இது உயிரைப் பறிக்கும் காயம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு நினைவிழந்தார். அடுத்த மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் ஹோசக் இதையெல்லாம் ஒரு மருத்துவரின் துல்லியத்தோடு பதிவு செய்திருக்கிறார். குண்டு வலப்புற இடுப்புக்கு மேலே நுழைந்திருந்தது. நாடி கிடைக்கவில்லை, மூச்சும் தெரியவில்லை. படகில் ஏற்றிய பின் அம்மோனியா நெடி கொண்ட திரவத்தை முகத்திலும் நெற்றிப்பொட்டிலும் மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டே இருந்தார். படகு கரையைவிட்டுச் சிறிது தூரம் நகர்ந்ததும் நோயாளி மூச்சை இழுத்தார்; கண் திறந்து, பார்வை மங்கலாக இருக்கிறது என்றார். பின்னர் பார்வை தெளிந்தது, நாடி திரும்பியது. ஆனால் கால்களில் உணர்வு இல்லை என்று அவரே சொன்னபோது, குண்டு முதுகெலும்பைத் தொட்டுவிட்டதை ஹோசக் உணர்ந்துகொண்டார்.

மன்ஹாட்டன் கரையில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வில்லியம் பேயார்டின் வீட்டுக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். அந்த இடத்தை நினைவுகூரும் பலகை ஒன்று ஜேன் தெருவில் இருக்கிறது. அங்கே ஹோசக்கால் செய்ய முடிந்தது வலியைத் தணிப்பது மட்டுமே. அதற்கு அவர் கொடுத்த லாடனம், அபினிச் செடியின் காயிலிருந்து வடியும் பாலை மதுவில் கரைத்துச் செய்யும் மருந்து. துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்களின் அறுவை மருத்துவர்களையும் வரவழைத்துக் கருத்துக் கேட்டார். மறுநாள் பிற்பகல் ஹாமில்டன் இறந்தார்.

இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் ஹோசக்கை அடைத்துவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து. எவராலும் காப்பாற்ற முடியாத நோயாளி ஒருவரின் பக்கத்தில் இருந்தார் என்பதற்காக அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் காப்பாற்றியவர்களை மறந்துவிட்டோம். விரைவீக்கத்துக்கு ஊசிவழித் திரவம் செலுத்தும் சிகிச்சையை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியவர் அவர். 1808இல் தொடைத் தமனி வீக்கத்துக்கு அத்தமனியைக் கட்டி அறுவை செய்தார். ஹாமில்டன் குடும்பத்திலேயே அவர் மீட்டுக் கொடுத்த உயிர் ஒன்று உண்டு. அதை நாளைய பதிவில் எழுதுகிறேன்.

வியாழன் – ஹாமில்டன் கிரேஞ்ச்

இன்று மழை. மேற்கு ஹார்லெமில் ஹாமில்டன் தன் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு விரைவில் திரும்பிவிட்டேன். 1802இல் கட்டி முடிக்கப்பட்ட, கிரேஞ்ச் எனப்படும் அந்த வீடு, 2008இல் செயின்ட் நிக்கலஸ் பூங்காவுக்குள் முழுதாக நகர்த்தி வைக்கப்பட்டது. எனவே ஹாமில்டன் நட்ட தோட்டம் எதுவும் வீட்டோடு வரவில்லை.

1797இல் ஹாமில்டன் வெளியூர் சென்றிருந்தபோது மூத்த மகன் பிலிப் கடும் காய்ச்சலில் விழுந்தான். நாடி நலிந்து பிழைப்பது அரிது என்ற நிலையில், ஹோசக் சிங்கோனாப் பட்டையும் ரம்மும் கலந்த கொதிநீர்க் குளியலில் அவனை மீண்டும் மீண்டும் அமர்த்தி மீட்டார். அந்தப் பட்டை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவு மரங்களிலிருந்து உரித்து எடுக்கப்பட்டது. திரும்பி வந்த தந்தை கண்கலங்கி நன்றி சொன்னார். நான்கே ஆண்டுகளில் அதே பிலிப் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு இறந்தான். அப்போதும் ஹோசக்தான் அழைக்கப்பட்டார்.

அரசியலில் தோற்றவனுக்குத் தோட்டமே புகலிடம் என்ற கருத்தில் ஹாமில்டன் 1802 இறுதியில் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த வீட்டைச் சுற்றி என்ன நடலாம் என்று அவர் ஹோசக்கிடம் யோசனை கேட்டார். எல்ஜின் தோட்டம் நகரிலிருந்து கிரேஞ்சுக்கு வரும் வழியில்தான் இருந்தது.

வெள்ளி – பிராங்ஸ், நியூயார்க் தாவரவியல் பூங்கா

எல்ஜின் தோட்டத்தில் வளர்ந்த செடிகளைத் தேடிப் பயனில்லை. ஆனால் அங்கே வளர்ந்த மாணவர்களின் தடத்தைத் தேடலாம். அந்தத் தடம் பிராங்ஸில் 250 ஏக்கரில் பரந்துள்ள இந்தப் பூங்காவில் வந்து முடிகிறது.

ஹோசக்கிடம் தாவரவியல் பயின்றவர்களில் ஏமஸ் ஈட்டன் ஒருவர். நிலத் தகராறு வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டு அவர் கிரீனிச் வில்லேஜ் சிறையில் இருந்தார். அந்தச் சிறையின் நிதி அலுவலரின் மகனான ஜான் டோரி என்ற சிறுவன் அவருக்குச் செடிகளைக் கொண்டுவந்து கொடுப்பான். சிறைக்குள்ளிருந்தபடியே ஈட்டன் அவற்றின் பாகங்களையும் வகைகளையும் அவனுக்குக் கற்பித்தார். டோரி பின்னர் ஹோசக் பேராசிரியராக இருந்த நியூயார்க் மருத்துவக் கல்லூரியிலேயே பயின்று 1818இல் மருத்துவரானார். வட அமெரிக்கத் தாவரங்களை விரிவாக ஆராய்ந்து வகைப்படுத்திய தலைமுறைக்குத் தலைமகனாக விளங்கியவர் அவர். பின்னாளில் ஹார்வர்டில் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஏசா கிரேயை வளர்த்தெடுத்தவரும் அவரே. டோரியின் உலர்தாவரத் தொகுப்பு முதலில் கொலம்பியாவுக்குச் சென்று, 1891இல் நிறுவப்பட்ட இந்தப் பூங்காவுக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. இங்குள்ள ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தில் இன்று எழுபது லட்சத்துக்கும் அதிகமான தாள்கள் உள்ளன. பூங்காவை உருவாக்கக் குரல் கொடுத்த சங்கமும் டோரியின் பெயரைத் தாங்கியதே.

எல்ஜினில் சில காலம் பணியாற்றிய இன்னொருவர் ஃபிரெடரிக் புர்ஷ். லூயிஸ், கிளார்க் இருவரும் கண்டத்தைக் கடந்து சென்ற பயணத்தில் சேகரித்த செடிகளை விவரித்து எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஹோசக்கின் தோட்டத்தை மேற்பார்வையிட்டபோது அவர் அந்த ஆராய்ச்சியில் இருந்தார். 1823இல் நியூயார்க் வந்த டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளர், பிற்காலத்தில் மேற்குக் கரையில் கண்டெடுத்த அவரையினப் பூஞ்செடிகளுக்கு ஹோசாக்கியா என்று பெயரிட்டார்.

நம்மவர்களுக்குத் தொடர்புடைய செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1811 முதல் 1826 வரை ஹோசக் மருத்துவம் கற்பித்த அதே நியூயார்க் கல்லூரியில் 1813இல் பட்டம் பெற்றவர்களில் ஜான் ஸ்கடர் ஒருவர். 1819இல் அவர் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கினார். பிறகு சென்னைக்கு மாறினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.

பூங்காவில் நாட்டுச் செடிகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதன் மர நிழலில் மே ஆப்பிள் என்ற செடி கூட்டமாக வளர்ந்திருந்தது. முழங்கால் உயரத் தண்டு மேலே இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் விரித்த குடை போன்ற ஒரே ஓர் அகன்ற இலையைத் தாங்குகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு இலைகள் மட்டுமே தெரியும். குனிந்து இலையை ஒதுக்கினால், கவட்டில் மெழுகு பூசியது போன்ற ஒரே ஒரு வெள்ளைப் பூ தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். இதன் வேர்த்தண்டை இந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாகப் பேதிமருந்தாகப் பயன்படுத்தினார்கள். குடியேறிய மருத்துவர்கள் அவர்களிடமிருந்து அறிந்துகொண்டார்கள். இந்த இனத்தில் உள்ள போடோஃபிலோடாக்சின் என்ற வேதிப்பொருளிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டில் எடோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து உருவாக்கப்பட்டது. நான் பணியாற்றும் துறையில் அது அன்றாடம் புழங்கும் மருந்து. அதன் மூலச் செடியை இன்றுதான் முதன்முறையாக நேரில் பார்த்தேன். மருந்தைக் கற்பவன் செடியைக் காண வேண்டும் என்று ஹோசக் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பது அந்தப் பூவின் முன் குனிந்திருந்தபோது எனக்கு நன்கு விளங்கியது. நாட்டின் சொந்தக் காடுகளில் உள்ள மருந்துகளை இன்னும் ஆராயவில்லை, வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்கு மாற்றாகும் செடிகள் இங்கேயே இருக்கக்கூடும் என்பது சட்டமன்றத்தின் முன் அவர் வைத்த வாதங்களில் ஒன்று.

ஞாயிறு – ஹைட் பார்க்

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து போகீப்சிக்குச் செல்லும் ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஹட்சன் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. இடப்பக்க ஜன்னலோரம் அமர்வது நல்லது. போகீப்சியிலிருந்து வாடகைக் காரில் ஹைட் பார்க் வந்தேன்.

இந்தப் பண்ணை முதலில் ஹோசக்கின் மூத்த கூட்டாளியான மருத்துவர் சாமுவேல் பார்டின் குடும்பத்துக்கு உரியது. 1789இல் புதிய குடியரசின் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனுக்கு நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்தவர் பார்ட். எடின்பரோவில் படித்தபோது உலர்தாவரத் தொகுப்புக்குப் பரிசு பெற்றவர் அவர் என்பதால், இளைய ஹோசக்கின் தாவர ஆர்வத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய மிகச் சிலரில் ஒருவராக இருந்தார். 1828இல் பார்டின் மகனிடமிருந்து ஹோசக் இதை வாங்கினார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. மூன்றாவது மனைவி மக்தலேனா கோஸ்டர் செல்வந்தரின் விதவை என்பதால் பணக்கவலை இல்லாமல் ஒரு தோட்டத்தை அமைக்கும் வாய்ப்பு அவருக்கு இங்கேதான் கிடைத்தது.

பெல்ஜியத்திலிருந்து வந்த ஆந்த்ரே பார்மென்டியே என்ற தோட்டக் கலைஞர் இந்த நிலத்தை வடிவமைத்தார். நேர்கோட்டு வரிசைகளைத் தவிர்த்து, நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு வளைந்து செல்லும் பாதைகளை அவர் வகுத்தார். இன்றும் வாயிலிலிருந்து வரும் வழி ஓர் ஓடையைப் பாலத்தால் கடந்து, மரங்களுக்கு நடுவே மேலேறி, திடீரென்று புல்வெளியாக விரிகிறது. புல்வெளியின் விளிம்பில் நிலம் சரிய, கீழே அகன்ற ஹட்சன் ஆறும் அதற்கு அப்பால் கேட்ஸ்கில் மலைகளின் நீலமும் தெரிகின்றன. பார்ட் காலத்தில் நடப்பட்டதாகச் சொல்லப்படும் மிகப் பெரிய கிங்கோ மரம் ஒன்று மாளிகைக்கு அருகே நிற்கிறது. அதன் அடிமரத்தின் பட்டை ஆழமாகப் பிளந்து, சாம்பல் நிறப் பாளங்களாக இருக்கிறது. கையகல விசிறி இலைகள் ஆற்றுக் காற்றில் ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்தன. ஹோசக் கோடைக் காலங்களில் உலவிய இடத்தில், அவர் பார்த்திருக்கக்கூடிய உயிர் ஒன்றை இந்தப் பயணத்தில் நான் கண்டது இங்கே மட்டுமே. நெடுநேரம் அதைச் சுற்றி வந்தேன்.

குளிர்காலத்தில் அவர் நகர வீட்டுக்குத் திரும்பிவிடுவார். 1835 டிசம்பர் 16 இரவு, கடுங்குளிரில் ஆற்றுநீர் உறைந்து தீயணைப்புக் குழாய்கள் பயனற்றுப்போன நிலையில், நியூயார்க்கின் வணிகப் பகுதியில் பெருந்தீ பற்றியது. அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. ஹோசக்கும் அதில் பெரும் பொருளை இழந்தார். ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 22 அன்று, பக்கவாதத்தால் அவர் உயிர் பிரிந்தது.

1840இல் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் இந்த இடத்தை மகளுக்காக வாங்கினார். ஹோசக்கின் வீடு 1845இல் எரிந்துபோனது. 1895இல் ஃபிரெடரிக் வாண்டர்பில்ட் வாங்கி இன்றுள்ள சுண்ணாம்புக்கல் மாளிகையைக் கட்டினார். மாளிகைக்குள் சுற்றிக்காட்டுகிறார்கள், அதில் எனக்கு அதிக நாட்டம் ஏற்படவில்லை. நிலமும் மரங்களும் சிதையாமல் இருப்பதற்கு, அண்டை வீட்டுக்காரராக இருந்த குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே காரணம். மரங்களை ஆழ்ந்து நேசித்த அவர் வற்புறுத்தியதால் 1940இல் இது கூட்டரசின் தேசியப் பூங்கா சேவையின் பொறுப்புக்கு வந்தது. அந்தச் சேவைக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு உண்டு, ஊதியம் பெறும் பணியாளர் உண்டு, எந்த மரம் எங்கே நிற்கிறது என்ற பதிவேடு உண்டு. 1810இல் ஹோசக் மாநிலத்திடம் எல்ஜினுக்காகக் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். அன்று அது கிடைத்திருந்தால் மன்ஹாட்டனின் நடுவே இருநூறாண்டு வயதுள்ள மருந்துச் செடித் தோட்டம் ஒன்று இருந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

இங்கே வர நினைப்பவர்களுக்கு: தோட்டத்தையும் ஆற்றோரப் பாதைகளையும் கட்டணமின்றிப் பார்க்கலாம், மாளிகையின் உட்புறத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். வாயில் பாலத்திலிருந்து கிங்கோ மரம் வரை நடந்தே செல்லுங்கள், பார்மென்டியே வகுத்த வளைவுகள் காரில் போனால் தெரியாது.